மேகத்துக்குக் கீழே ஒரு பெரட்டு

இப்போதெல்லாம் பயணிகளுக்குச் சொல்ல வேண்டியதை வேனில் வைத்து ஒரு திரையில் காட்டிவிடுகிறார்களாம். பலூன் எப்படி ஏறும், எப்படி இறங்கும், கூடைக்குள் எப்படி நிற்க வேண்டும் என்று நல்ல உடுப்புப் போட்ட ஒரு பெண் மூன்று மொழியிலும் சொல்கிறாளாம். முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும் அந்த வேலையை நான் வாயால் செய்தேன்.

போன மாதம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இருவர் கந்தப்பளையில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். வீடியோவில் இல்லாதது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். தேத்தண்ணி குடித்து முடித்ததும் அவர்களில் ஒருத்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அக்கா, அந்த மார்கழி விசயம் மெய்தானா? மேகத்துக்குள்ள இருந்து செத்த பொண்ணு பேசினாளாமே?”

பேசியது நான்தான் என்றேன். அவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஆனால் நடந்ததை முழுக்கச் சொல்லி முடித்தபோது, இருவரும் விளக்கைப் போடச் சொன்னார்கள். அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். கொஞ்சக் காலம் பிள்ளைக் காம்பிராவில், கொழுந்து எடுக்கும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். பிறகு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசை. அங்கே தங்க வந்த பலூன்காரர்கள், மூன்று மொழி பேசுகிறாள் என்பதற்காக என்னை வேலைக்கு அழைத்தார்கள். முதல் பருவம் முழுவதும் தம்புள்ளைப் பக்கத்து வெயிலில் பலூன் துணி மடித்தேன், கயிறு பிடித்தேன், உள்ளங்கை உரிந்தது. அடுத்த பருவம் மலைக்குத் திரும்பி வந்துவிட்டோம்.

மலைநாட்டில் பலூன் விடுவது சமவெளியில் விடுவதைப் போன்றதல்ல. விடிந்தவுடன் ஏறி, வெயில் சரிவுகளைச் சூடாக்கும் முன் இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் பள்ளத்துக் காற்று மேட்டை நோக்கி ஓடத் தொடங்கும். பலூனுக்கு ஸ்டீயரிங் கிடையாது. ஏறலாம், இறங்கலாம், அவ்வளவுதான். எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து, அந்த உயரத்துக்குப் போய் நிற்பதுதான் ஓட்டுவது.

எங்கள் தலைமை பைலட் ரணசிங்க சேர். தலவாக்கலை டவுனில் கடை வைத்திருந்தவரின் மகன். எங்கள் ஆட்களோடு விளையாடி வளர்ந்ததால் எங்கள் தமிழ் அவருக்கு அப்படியே வரும். மைதானத்துக்கு வந்ததும் யாரோடும் பேசமாட்டார். சிறிய காஸ் பலூன் ஒன்றில் ஒரு பொட்டு விளக்கைக் கட்டி இருட்டில் விடுவார். அது எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே திரும்புகிறது என்று கண்ணிலிருந்து மறையும் வரை கழுத்தை அண்ணாந்து நிற்பார். நாங்களெல்லாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்போம். தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தால் பறக்கிறோம். “சரி, தேத்தண்ணி குடிப்போம்” என்றால் அன்றைக்கு இல்லை. காரணம் சொல்லமாட்டார். ஒருமுறை கலியாண நாளுக்காகக் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அவர் முகத்துக்கு நேரே கத்தினார். சேர் அவருக்கும் ஒரு கோப்பையை நீட்டினார். பத்து நிமிடத்தில் அடித்த காற்றில் எங்கள் கூடாரம் பறந்துபோய், காய்ந்த தேயிலைக் கொம்புகளால் கட்டிய மிளார் வேலியில் மாட்டியது.

பயணிகளிடம் சேர் மென்மையாகத்தான் பேசுவார். ஆனால் ஒன்றையும் விடமாட்டார். வழுக்காத மூடின சப்பாத்து இருக்கிறதா, அண்மையில் ஆபரேசன் செய்திருக்கிறார்களா, யாராவது வயிற்றுப்பிள்ளைக்காரியா என்று என்னைக் கேட்க வைப்பார். முந்தின இரவு குடித்தவர் வாயைத் திறக்காமலிருந்தாலும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். நீண்ட சால்வை, தொங்கும் கமரா வார் எல்லாவற்றையும் உள்ளே சொருக வேண்டும். காற்றூதும் பெரிய விசிறியின் பக்கம் யாரும் போகக் கூடாது.

பிறகு இறங்கும் பாடம். கூடைக்குள் ஏற்றி, தரையிலேயே எல்லாரையும் செய்துகாட்டச் சொல்லுவேன். முதுகைப் பலூன் போகும் திசைக்குக் கொடு. முழங்காலை மடி. உள்பக்கக் கயிற்றுப் பிடியை இரண்டு கையாலும் பிடி. போனைப் பைக்குள் வை. கூடை குதிக்கும், இழுபடும், சில நேரம் சாயும், அது விபத்தல்ல. பைலட் சொல்லும் வரை ஒருவரும் வெளியே இறங்கக் கூடாது. ஒருவர் குதித்தால் அந்தப் பாரம் குறைந்து மற்றவர்களோடு பலூன் திரும்ப எழும்பிவிடும். இதைச் செய்துகாட்டும்போது எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

கீழே கயிறு பிடிப்பவர்களுக்கு ஒரே சட்டம்தான். கால் தரையை விட்டால் அந்த நொடியே கையை விடு. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் மேலே போகிற பொருளை இறுக்கிப் பிடிப்பதுதான் மனிதக் கை. எங்களிடம் வேலை செய்த மோகன் ஒரு நாள் விடவில்லை. “மோகன், விடு!” என்று சேர் அடித்தொண்டையில் கத்தியபோது அவன் ஆளுயரத்துக்குப் போயிருந்தான். விழுந்து கணுக்கால் பிரண்டது, அத்தோடு தப்பினான். ஏன் விடவில்லை என்று கேட்டதற்கு, “தெரியலக்கா. கை என் பேச்ச கேக்கல” என்றான்.

பறக்கும் பாதையிலிருக்கும் தோட்டங்களுக்கு முதல்நாளே போன் போட்டு, நாளைக்கு உங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று கேட்கும் வழக்கம் இப்போது கம்பெனியில் இருக்கிறது. திருவிழாவா, மருந்தடிப்பா, மாடு மேய்ச்சலா என்று கேட்பார்கள். அந்த வழக்கம் நான் சொல்லப்போகிற நாளுக்குப் பிறகு வந்தது.

அது மார்கழிப் பௌர்ணமி, போயா விடுமுறை. மழை விட்டுச் சில நாள் ஆகியிருந்தது. சேர் விட்ட விளக்கு நேராக ஏறி, மெல்ல மேற்கே சாய்ந்தது. தொப்பியைக் கழற்றினார். கொழும்பிலிருந்து ரமணன் என்பவரும் அவர் மனைவியும், வெளிநாட்டுப் பெண்கள் இருவரும் பயணிகள். வருவதாக இருந்த இன்னொருவர் வராததால் பாரத்துக்கு என்னை ஏறச் சொன்னார் சேர். செல்வராஜ் பிக்கப்பில் எங்களைப் பின்தொடர்ந்தான். அவன் பூண்டுலோயாக்காரன், வேலைக்கு வந்து அதிக நாளாகவில்லை.

ஏறும்போது எல்லாம் தெளிவாக இருந்தது. தேயிலை மலைகள் ஈரத்தில் மினுங்கின. பலூன் காற்றோடு சேர்ந்து போவதால் உள்ளே நிற்பவர்களுக்குக் காற்றே தெரியாது. முடி அசையாது. அந்த நிச்சலனம் சிலருக்குச் சுகம், சிலருக்குப் பயம். ரமணனின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது முகட்டைத் தாண்டினோம். மறுபக்கத்துப் பள்ளத்தில் மேகம் கிடந்தது. புறப்படும் இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது. தரையோடு ஒட்டிப் படுத்திருந்த வெள்ளை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொங்கி, பின்னாலிருந்த முகட்டையும் மூடியது. தூரத்து மலையுச்சிகள் மட்டும் வெளியே நின்றன.

சூரியன் எங்கள் முதுகுப்பக்கம் இருந்தது. எதிரே மேகத்தின் மேல் ஒரு கறுப்புப் பலூன் நின்றது. அதைச் சுற்றி வட்டமாக வானவில். அதன் கூடைக்குள்ளும் ஆட்கள் நிற்பதுபோலிருந்தது.

“அங்க இன்னொரு பலூன் வருது,” என்றார் ரமணன்.

“நம்ம நிழல்தாங்க,” என்றேன். அவர் கையை உயர்த்திப் பார்த்தார். அது கையை உயர்த்தவில்லை. அவ்வளவு தூரத்தில் கை தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பிறகு காற்று நின்றுவிட்டது. பலூன் அந்தப் பள்ளத்தின் மேலேயே தொங்கியது. மேகத்துக்குள் கண்மூடித்தனமாக இறங்க முடியாது. உள்ளே மின்சாரக் கம்பி இருக்கலாம். பலூன்காரனுக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய எமன் கிடையாது. கலையட்டும் என்று காத்திருந்தோம். சேர் காஸ் சிலிண்டர் முள்ளை விரலால் தட்டிப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினார். அவர் இரண்டாம் முறை தட்டி நான் பார்த்ததில்லை.

நெருப்படிக்கும் பர்னரை நிறுத்தியிருந்த ஒரு இடைவெளியில்தான் அது கேட்டது.

“முத்துலெட்சுமி.”

ஆண் குரல். வயதான குரல். எங்கள் காலுக்குக் கீழே, வெள்ளைக்குள்ளிருந்து வந்தது.

“வந்திருக்கோம்,” என்று இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து சொல்லின.

“ராமையா.”

“வந்திருக்கோம்.”

சேர் பர்னரை அடித்தார். நெருப்பின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. நிறுத்தியதும் அடுத்த பெயர் வந்தது. ரமணன் என்னைப் பார்த்தார். “கீழ யார் கதைக்கிறது?”

பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. காலையில் வேலைக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு. ஆனால் பெரட்டில் ஒரு பெயருக்கு ஒரு ஆள்தான் குரல் கொடுக்கும். இங்கே ஒரு பெயருக்குப் பல குரல்கள்.

சேர் வோக்கிடோக்கியை எடுத்தார். “செல்வராஜ், எங்களுக்கு நேர் கீழ பெரட்டு நடக்குதா?”

“இன்னைக்கு போயா லீவு சேர். எங்கயும் பெரட்டு இல்ல. நான் ரோட்டுலதான் நிக்கிறேன். முன்னுக்கு ஒண்ணும் தெரியல, பனி.”

சேர் தன் கருவியில் நாங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தார். வரைபடத்தில் கம்பிகளெல்லாம் சிவப்புக் கோடு. எங்களுக்குக் கீழே மட்டும் கோடில்லாத ஒரு நீண்ட வெற்றிடம்.

“ஸ்டெல்லா, இது அந்த மண்சரிவு டிவிசன்.”

சில வருடங்களுக்கு முன், விடிகிற நேரத்தில், மழையில் ஊறிய மலை, அந்தத் தோட்டப் பிரிவில் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு லயத்தின் மேல் இறங்கியிருந்தது. எல்லாரையும் தோண்டியெடுக்க முடியவில்லை. மிஞ்சியவர்களை வேறு இடத்தில் குடியேற்றினார்கள். அங்கே இப்போது லயமும் இல்லை, பெரட்டுக்களமும் இல்லை. ஆள் நடமாட்டமே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நான் வேதக்காரி. சட்டைக்குள் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டேன்.

“சண்முகம்.”

“வந்திருக்கோம்.”

சேர் முகத்தில் பயமிருந்ததா என்று என் வீட்டைத் தேடி வந்த அந்தப் பெண்பிள்ளைகள் கேட்டார்கள். இருந்தது. ஆனால் அவர் குரல் மாறவில்லை. “கரண்டு போஸ்ட்டெல்லாம் மண்ணோட போனது. திரும்பப் போடல. கம்பி இல்லாத எடம் இந்தப் பக்கத்துல அது ஒண்ணுதான். அங்கதான் எறங்கணும். ஆனா கீழ ஆள் இருக்கு. யாரா இருந்தாலும் ஒதுங்கச் சொல்லணும்.” பிறகு என்னைப் பார்த்தார். “நாங்க மேல இருக்கோம்னு சத்தமா சொல்லு. பர்னர நிப்பாட்டுறேன்.”

நெருப்பு நின்றது. நான் கூடை விளிம்பில் குனிந்தேன். கீழே அந்த வயதான குரல் அடுத்த பெயரைச் சொன்னது.

“சுகந்தி.”

யாரும் பதில் சொல்லவில்லை. இடைவெளி நீண்டது. பெயர் கூப்பிட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து, மூச்சை இழுத்துக் கத்தினேன்.

“இருக்கோம்! மேல இருக்கோம்!”

கீழே ஒரு பெண் அலறினாள். ஒருத்தியைத் தொடர்ந்து பல பேர். ஓடுகிற சத்தமும் கேட்டது. வெளிநாட்டுப் பெண்களில் ஒருத்தி அழத் தொடங்கினாள். நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை.

“யாரு?” என்றது அந்த வயதான குரல். “யாரு அது?”

“பலூனுங்க! பலூன்ல இருந்து பேசுறோம்! காஸ் முடியப்போவுது, எறங்கணும்! எல்லாரையும் ஓரத்துக்குக் கூட்டிப் போங்க!”

பிறகு, “எல்லாரும் மேட்டுப் பக்கம் வாங்க! பிள்ளைங்கள தூக்கு!” என்று அதே குரல். உயிருள்ள மனிதர்கள்தான் என்று அப்போதுதான் நெஞ்சு நம்பியது.

வெயில் உறைத்தது. மேகம் மெலிந்து நடுவில் கிழிந்தது. கிழிசலுக்குள் சிவந்த மண் தெரிந்தது. செடி சரியாக மூடாத, மலையிலிருந்து வழிந்த நாக்குப் போன்ற நிலம். ஓரத்தில் வெள்ளைச் சேலைகளும் வேட்டிகளும் கும்பலாக நின்றன. மண் மேல் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன விளக்குகள்.

“விளக்க அணைக்கச் சொல்லு,” என்றார் சேர். “துணி அதுமேல விழுந்தா எல்லாரும் போச்சு.”

ஒரு துக்கக் களத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. “சொல்லு ஸ்டெல்லா!” என்றார்.

“விளக்க அணைங்க! கும்பிட்டுக் கேக்குறேன், எல்லா விளக்கையும் அணைங்க!”

வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர்தான் முதலில் குனிந்தார். பிறகு ஆண்கள் ஓடி ஓடிக் கையால் அணைத்தார்கள். ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். யாரோ கையைப் பிடித்து இழுத்தும் எழும்பவில்லை. இரண்டு கையாலும் சுடரை மறைத்துக்கொண்டு மேலே எங்களையே பார்த்தார். நாங்கள் நேராக அவரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம்.

மிச்சமிருந்த காஸில் சேர் நீளமாக ஒரு அடி அடித்தார். கூடை அந்த அம்மாவின் தலைக்கு மேலே கடந்து போனது. அவர் முகத்தின் சுருக்கம்கூடத் தெரிந்தது.

“பிடிங்க! முழங்கால மடக்குங்க!”

கூடை மோதியது, குதித்தது, ஈரமண்ணில் இழுபட்டுச் சாய்ந்து நின்றது. சூடான காற்றைத் திறந்துவிடும் சிவப்புக் கயிற்றைச் சேர் முழுப் பலத்தோடு இழுக்க, துணி பெருமூச்சு விட்டு, விளக்கில்லாத பக்கமாகச் சரிந்தது. சிலிண்டர்களைப் பூட்டினார். “ஒருத்தரும் எறங்கக் கூடாது,” என்றார். துணி அடங்கும் வரை உள்ளேயே குந்தியிருந்தோம். பனிக்குள்ளிருந்து முகங்கள் ஒவ்வொன்றாக எங்களை நோக்கி வந்தன. நாங்கள் யாரென்று அவர்களுக்கு இன்னும் நிச்சயமில்லை போலிருந்தது. ஒரு சின்னப் பிள்ளை கூடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடியது.

இறங்கியதும் சேர் சப்பாத்தைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம். அந்த வேட்டிகட்டிய பெரியவரிடம் போய்க் கைகூப்பினார். “மன்னிச்சுக்குங்க. வேற எடமில்ல.”

“உசுரு தப்பிச்சீங்களே, அது போதுங்க,” என்றார் அவர். அந்த டிவிசனில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், பெயர் வேலாயுதம். “மலை எறங்கினது பெரட்டுக்கு முன்னாடிங்க. அன்னைக்குக் காலையில நான் கூப்பிட வேண்டிய பேருங்க இருக்கு. வருசா வருசம் இந்தப் பௌர்ணமிக்கு வந்து கூப்பிடுறேன். சொந்தக்காரங்க பதில் சொல்லுவாங்க.”

“அப்ப சுகந்தி?” என்று நான் கேட்டுவிட்டேன்.

அவர் விளக்கோடு உட்கார்ந்திருந்த அம்மாவைக் கண்ணால் காட்டினார். “அவங்க மகதாங்க. அவள எடுக்கவே முடியல. அவங்க இதுவரைக்கும் பதில் சொன்னதில்ல. கொஞ்ச நேரம் பொறுத்துட்டு நான் அடுத்த பேருக்குப் போயிருவேன்.”

நான் அந்த அம்மாவிடம் போனேன். கால்கள் மண்ணில் புதைந்தன. ஒவ்வொரு அடிக்கும் கீழே என்ன இருக்கிறதோ என்று உள்ளங்கால் கூசியது. பக்கத்தில் குந்தினேன்.

“அம்மா, அது நான்தாம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. கீழ ஆளுங்க இருக்காங்கன்னு கத்தினேன். உங்க மக பேருக்குப் பதிலாச் சொல்லலம்மா.”

அவர் என் முகத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தார். கை விளக்கு எண்ணெய் பட்டு வழுக்கியது.

“தெரியும்மா,” என்றார். “எம்மக கொரலு எனக்குத் தெரியாதா? இது ஒன் கொரலு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. பின்னால் வேலாயுதம் தொண்டையைச் செருமினார். கலைந்த கூட்டம் திரும்ப வரிசையில் வந்து நின்றது. ரமணனும் அவர் மனைவியும், வெளிநாட்டுப் பெண்களும், சேரும், வெறுங்காலோடு வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஆண்கள் அந்த அம்மாவின் சுடரிலிருந்து மற்ற விளக்குகளைப் பற்றவைத்தார்கள்.

“பாதியில நின்னுபோச்சு,” என்றார் வேலாயுதம். “விட்ட எடத்துல இருந்து கூப்பிடுறேன்.” நிமிர்ந்து நின்றார். “சுகந்…”

“வேணாங்கய்யா,” என்றார் அந்த அம்மா. உட்கார்ந்த இடத்திலிருந்தே, எல்லாருக்கும் கேட்கும்படி. “எம்மக பேருக்குப் பதில் வந்திருச்சு. அடுத்த பேர கூப்பிடுங்க.”

பெரட்டில் பதில் சொன்ன பெயரை யாரும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை. வேலாயுதம் அவரையும், பிறகு மேலே கலைந்துகொண்டிருந்த மேகத்தையும் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.